துணைக்கு ஒருத்தி

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, படித்துக்கொண்டிருந்த நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கதையில் பயங்கரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியில் இரண்டு பெண்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருத்தி யார்க்ஷயர்க்காரி. மற்றவள் நம் சென்னப்பட்டணத்தில் பிறந்தவள். ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் எனக்கு மாயவரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் திண்ணையோரம் பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் அன்றைக்குப் படிப்பு ஓடவில்லை.

சரித்திர நாவல் என்றால் நம்மில் பலருக்கு ராஜகுமாரன், குதிரை, சுரங்க வழி, கடைசியில் ஒரு பட்டாபிஷேகம். நானும் அவற்றைப் படித்து வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டு படித்தோம். இரண்டாம் பாகம் கைக்கு வராமல் மூன்றாம் பாகத்தை முதலில் படித்த துர்ப்பாக்கியசாலி நான். அந்தக் கதைகளில் யார் யாரை விரும்பலாம் என்பது முதல் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானமாகியிருக்கும். கதாநாயகிக்குத் தோழி ஒருத்தி உண்டு. தோழி ஓலை கொண்டு போவாள், பூத் தொடுப்பாள், பரிகாசம் செய்வாள். அந்தத் தோழியே ஒரு கதையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நாலைந்து வருஷங்களுக்கு முன் ஓர் இளம் சிநேகிதி வேறு மாதிரியான சரித்திர நாவல்களை எனக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். பெண்ணைக் காதலித்த பெண்களைப் பற்றிய கதைகள். லெஸ்பியன் என்ற சொல்லை இப்போது பத்திரிகைகளே தாராளமாக அச்சிடுகின்றன. அந்தச் சொல்லைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள வகையில்லாத காலத்தில் வாழ்ந்தவர்களின் கதைகள் இவை. எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் இரண்டு வருஷக் கல்லூரி இங்கிலீஷ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

முதலில் படித்தது 'பேஷன்ஸ் அண்ட் ஸாரா'. அமெரிக்காவில் ஆல்மா ரௌட்ஸாங் என்பவர் இஸபெல் மில்லர் என்ற புனைபெயரில் எழுதியது. 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் நியூயார்க் மாகாணத்துக் கிரீன் கவுண்டியில் மேரி ஆன் வில்ஸன் என்ற ஓவியக்காரி, மிஸ் பிரண்டேஜ் என்ற தோழியோடு வாழ்ந்திருக்கிறாள். தோழி நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். இவள் படம் எழுதி அக்கம்பக்கத்தில் விற்றாள். சரித்திரம் அவர்களைப் பற்றி விட்டுவைத்தது சில வரிகளே. ரௌட்ஸாங் ஓர் அருங்காட்சியகத்தில் வில்ஸனின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலை எழுதினார். 1969-ல் சொந்தச் செலவில் 1,000 பிரதிகள் அச்சிட்டுத் தாமே சுமந்து விற்றார். 1971-ல் அமெரிக்க நூலகச் சங்கத்துக் குழு ஒன்று அதற்குப் பரிசு கொடுத்தது. 1972-ல்தான் ஒரு பெரிய பிரசுராலயம், இன்று வழங்கும் பெயரை வைத்து வெளியிட்டது.

அதை நான் தொழில்காரியின் கண்ணோடு படித்தேன். ஒரு படி அரிசியில் ஊருக்கே சோறு ஆக்கியிருக்கிறாரே என்று வியந்தேன். மனசில் ஒன்றும் தைக்கவில்லை. அது அமெரிக்காவில், அவர்கள் ஊரில், எப்போதோ நடந்தது.

தைத்தது பிறகு வந்த புத்தகம். எம்மா டானஹியூ என்பவர் அயர்லாந்தில் பிறந்து கானடாவில் வாழ்கிறவர். அவருடைய 'லேர்ன்ட் பை ஹார்ட்' 2023-ல் வெளிவந்தது. 'மனப்பாடம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கதை நடப்பது 1805, 1806-ல். அதில் வரும் எலைஸா ரெய்ன் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1791-ல் சென்னையில் பிறந்தவள். தகப்பனார் வில்லியம் ரெய்ன், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். தாய் இந்தியப் பெண். எலைஸாவையும் அவள் அக்காள் ஜேனையும் சிறு வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில், அலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட, தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் போகவேண்டும். கரையில் நின்று அழுதவர்கள் யாரோ! அந்தக் குழந்தைக்கு எந்தப் பாஷைத் தாலாட்டு காதில் மிஞ்சியிருந்ததோ! தகப்பனார் இறந்தபோது பெண்களுக்கு ஆளுக்கு 4,000 பவுன் வைத்துவிட்டுப் போனார். பணம் இருந்தது, மனிதர்கள் இல்லை. யார்க் நகரத்து மேனர் பள்ளியின் மாடியறையில் அவளுக்கு வாய்த்த மனுஷிதான் ஆன் லிஸ்டர்.

ஆன் லிஸ்டரைப் பற்றி இப்போது உலகத்துக்கே தெரியும். ஹாலிபாக்ஸ் ஊரில் ஷிப்டன் ஹால் என்ற பழைய வீட்டுக்கும் அதைச் சேர்ந்த நிலங்களுக்கும் பிற்காலத்தில் சொந்தக்காரியானவள். கறுப்பு உடை உடுத்தி, நிலக்கரிச் சுரங்கம் நடத்தி, மலை ஏறி, தேசம் தேசமாகச் சுற்றி, 1840-ல் ஜார்ஜியா நாட்டில் காய்ச்சல் கண்டு இறந்தாள். அவள் எழுதிவைத்த நாட்குறிப்பு ஏறக்குறைய 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு ரகசிய எழுத்து. கிரேக்க எழுத்துக்களையும் கணக்குக் குறிகளையும் கலந்து செய்தது. பெண்களிடம் தான் கொண்ட காதலை அவள் அந்த எழுத்தில்தான் எழுதினாள். அந்த 50 லட்சம் சொற்களும் எங்கே தொடங்குகின்றன தெரியுமா? 1806 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, எலைஸா புறப்பட்டுப் போன செய்தியோடு. சென்னையில் பிறந்த ஒரு பெண் வண்டி ஏறிப் போன துக்கத்தில், இந்தக் கை பேனாவை எடுத்திருக்கிறது.

பெரியவளானதும் இருவரும் சேர்ந்து வாழலாம் என்று எலைஸா எதிர்பார்த்தாள். ஆனின் மனம் வேறு பெண்களிடம் போயிற்று. 1814-ல் எலைஸாவை யார்க் நகரத்தில் ஒரு மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அவள் இறந்தது 1860-ல். இடையில் 46 வருஷங்கள். டானஹியூவின் நாவல் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே 1815-ல் எலைஸா விடுதியிலிருந்து எழுதும் கடிதங்களை வைத்துப் போகிறது. அந்தக் கடிதங்களில் ஒன்றைப் படித்தபோதுதான் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும்.

ருக்மணி அத்தை என் அப்பாவின் தமக்கை. 1934-ல் பிறந்தவள். பதினாறில் கல்யாணம், பத்தொன்பதில் புருஷன் போய்விட்டார். பிறகு படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, மாயவரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே பள்ளியில் ஞானம் டீச்சர். தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1962-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். 1998-ல் அத்தை கண்ணை மூடுகிற வரைக்கும் அதே வீடுதான். மார்கழி மாதம் அந்த வாசலில் தெருவடைத்த கோலம் இருக்கும். கோலத்துக்கு மேலே திண்ணைத் தூணில் காகித நட்சத்திரம் தொங்கும். லீவுக்குப் போகிற எங்களுக்கு இரண்டு பண்டிகைப் பலகாரமும் உண்டு.

அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவளுக்கு அவள் டீச்சர், அவளுக்கு இவள் டீச்சர். "டீச்சர், குடை எடுத்தீங்களா?" "டீச்சர், மாத்திரை போட்டாச்சா?" முப்பத்தாறு வருஷமும் இப்படியே. குழந்தைகள் நாங்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம்.

எங்கள் வீட்டில் ஞானம் டீச்சரைப் பற்றிக் கேட்டால், "அத்தைக்குத் துணைக்கு ஒருத்தி இருக்கா" என்பார்கள். துணை என்பது நம் பாஷையில் வெகு சாமர்த்தியமான சொல். கல்யாணப் பத்திரிகையில் வாழ்க்கைத் துணை என்றால் ஓர் அர்த்தம். இருட்டில் கொல்லைக்குப் போகக் கூட வரும் சிறுமியும் துணைதான். எங்கள் வீட்டார் இரண்டாவது அர்த்தத்தோடு நின்றுகொண்டார்கள். அதில் எல்லாருக்கும் சௌகரியம் இருந்தது.

ராத்திரி சாப்பாடு ஆனதும் கணக்கு எழுதுவார்கள். ஒரு குயர் நோட்டு, வருஷத்துக்கு ஒன்று. ஒரு வாரம் இவள் சொல்ல அவள் எழுதுவாள். மறு வாரம் அவள் சொல்ல இவள் எழுதுவாள். பால், கீரை, விறகு. பின்னாளில் விறகு போய் காஸ். வைத்தீஸ்வரன்கோயிலில் அர்ச்சனைக்கு, வேளாங்கண்ணியில் மெழுகுவத்திக்கு. நடுவில் 'டீச்சருக்குச் செருப்பு', 'டீச்சருக்குக் கண்ணாடி' என்று வரும். எந்த டீச்சர்? கையெழுத்தை அடையாளம் தெரிந்தவர்களுக்குத்தான் அது புரியும். அத்தையின் எழுத்து உருண்டை. ஞானம் டீச்சருடையது வலப்புறம் சாய்ந்த ஒல்லி எழுத்து. ரகசிய எழுத்தை யார்க்ஷயரில் மட்டும்தான் எழுதினார்கள் என்று நினைக்கவேண்டாம்.

1998 ஏப்ரலில் அத்தை மாரடைப்பில் போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உறவுப் பெண்கள் வரிசையாக வந்து என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "நாத்தனாரைப் பறிகொடுத்துட்டியே" என்றார்கள். அம்மாவும் அத்தையும் வருஷத்தில் நாலு நாள் சேர்ந்து இருந்தால் அதிகம். ஞானம் டீச்சரை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அவர் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் கிணற்றடியில் டபராக்களைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். பதினெட்டு வயதுப் பெண் நான். "ஆச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா ஒரு டெம்போவைக் கொண்டுவந்தார். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏறின. எது யார் பணத்தில் வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஞானம் டீச்சரும் வாய் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது மட்டும், "தம்பி, அந்தக் கணக்கு நோட்டுகளை நான் வச்சுக்கிறேனே" என்றார். "பழைய கணக்கு இனிமே எதுக்கு டீச்சர்?" என்றார் அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அத்தையின் சேமநிதிப் பணம் வரவேண்டியிருந்தது. இரண்டு சம்பளமும் ஒரே வீட்டில் கலந்த கதை, நாளும் தேதியுமாக, அந்த நோட்டுகளில் இருந்தது. நாளைக்கு அதைக் காட்டி ஏதாவது கேட்டுவிட்டால்? தெருவோடு போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டார். நோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. கொடுக்குமுன் ஒன்றைப் பிரித்தேன். 1997 ஜூன். சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: 'குழந்தைக்குக் காலேஜ் பீஸ். பாதி டீச்சர், பாதி நான்.'

குழந்தை நான்தான். அத்தை பணத்தில் படிக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதிப் பணத்துக்குச் சொந்தக்காரர் கதவருகில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். நான் அந்த நோட்டை மூடி மற்றவற்றோடு தட்டில் வைத்தேன். 36 நோட்டுகள், 11 கிலோ, 44 ரூபாய். ரூபாயை அப்பா என்னிடமே கொடுத்துவிட்டார். அதை என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அந்த ஜூனில் தரங்கம்பாடியிலிருந்து என் மூன்றாம் வருஷப் பீஸுக்கு ஒரு மணியார்டர் வந்தது. 'வேண்டாம்' என்று எழுதி அப்பா திருப்பி அனுப்பினார். தபால்காரரை நிறுத்தாமல் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். என் கல்லூரிப் படிப்பு அதோடு முடிந்தது. தை மாதம் கல்யாணம். ஞானம் டீச்சரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் இறந்துபோய் ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆன் லிஸ்டரின் நாட்குறிப்பு பிழைத்த விதத்தைப் பின்னர் படித்தேன். 1890-களில் அவள் வம்சத்தில் வந்த ஜான் லிஸ்டரும் அவருடைய நண்பர் ஆர்தர் பர்ரெல்லும் அந்த ரகசிய எழுத்தை உடைத்தார்கள். உள்ளே இருந்ததைப் படித்ததும் நண்பருக்கு வேர்த்துவிட்டது. எல்லாவற்றையும் எரித்துவிடும்படி சொன்னார். ஜான் லிஸ்டர் எரிக்கவில்லை. ஷிப்டன் ஹாலின் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். குடும்பத்தின் மானத்துக்கு அவரும் பயந்தவர்தான். ஆனாலும் எரிக்கவில்லை. 1988-ல் ஹெலினா விட்பிரெட் என்ற அம்மையார் அந்த எழுத்தைப் படித்து ஒரு பகுதியைப் புத்தகமாக்கினார். அதிலிருந்து நாடகம் வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது, எலைஸாவின் நாவலும் வந்தது. ஓர் ஆள் தீக்குச்சி கிழிக்காததால் இத்தனையும். நான் அந்த இடத்தில் நின்றேன். என் கையில் தீக்குச்சிகூட இல்லை, தராசுதான் இருந்தது.

"அப்படியானால் உங்கள் அத்தையும் அந்த டீச்சரும்..." என்று இழுக்கிறவர்கள் இருப்பார்கள். யார்க் நகரத்தில்கூட இந்த இழுப்பு நடந்திருக்கிறது. ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கர் என்ற பெண்ணும் 1834-ல் ஈஸ்டர் அன்று ஒரு தேவாலயத்தில் சேர்ந்து நற்கருணை வாங்கி, தங்களுக்குள் அதையே கல்யாணமாக வைத்துக்கொண்டார்கள். 2018-ல் அந்த தேவாலயத்தில் ஒரு பலகை பதித்தபோது, லெஸ்பியன் என்ற சொல்லைத் தவிர்த்து, சுற்றி வளைத்து வேறு ஏதோ எழுதினார்கள். ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். 2019-ல் பலகையை மாற்றி அந்தச் சொல்லைப் போட்டார்கள். அது நியாயம். ஆன் தன் கையாலேயே எழுதிவைத்துவிட்டுப் போனவள்.

அத்தையும் ஞானம் டீச்சரும் அப்படி எழுதிவைக்கவில்லை. எழுதியதையும் நாங்கள் எடைக்குப் போட்டுவிட்டோம். ஆகவே அவர்களுக்குப் பெயர் வைக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். என் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் நேசித்தார்களா என்று யாரும் ருஜு கேட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருவருக்கு ஒருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அது போதுமாக இருந்தது. அம்மா போனபோது ஊரே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. ஞானம் டீச்சரின் கையை யாரும் பிடிக்கவில்லை.

சரித்திர நாவலில் நம்மையே பார்த்துக்கொள்வது ஒரு சுகம் என்பார்கள். எனக்குக் கிடைத்தது அந்தச் சுகம் இல்லை. எலைஸாவின் இடத்திலோ ஆனின் இடத்திலோ என்னை வைத்துப் பார்க்க முயன்றேன், பொருந்தவில்லை. கதையின் ஓரத்தில் பெயரில்லாமல் வந்து போகிறார்களே, சாமான்களை ஏறக்கட்டுகிறவர்கள், கடிதத்தைத் திருப்புகிறவர்கள், கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள், அவர்களில் என்னைப் பார்த்தேன். இருநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு கதை, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் திரும்பிப் பார்க்காத திண்ணைக்கு என்னை அழைத்துப் போயிற்று.

நாவலை மறுநாள் படித்து முடித்தேன். முடித்த கையோடு கடைக்குப் போய் ஒரு குயர் நோட்டு வாங்கி வந்தேன். அவர்கள் இருவரையும் பற்றி எழுதப் போகிறேன். ரௌட்ஸாங்குக்குச் சில வரிகள் இருந்தன. டானஹியூவுக்கு 50 லட்சம் சொற்கள் இருந்தன. எனக்கு இருப்பது ஒரே வரி, அது மனப்பாடம். முதல் பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதினேன். எழுதிப் பார்த்தபோது எழுத்து உருண்டையாகவும் வரவில்லை, சாய்ந்தும் வரவில்லை. என் எழுத்தாகத்தான் வந்தது. வேறு எப்படி வரும்?

உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். கதவருகில் யாராவது நிற்கிறார்களா என்றும் பாருங்கள்.